சேலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் படித்து நிதித் திட்டமிடல் தொழிலுக்குப் போவது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று போன் வந்துவிடும். "அண்ணா, ஃபைனான்சியல் பிளானிங் படிக்கணும். சேலத்துல எந்தக் காலேஜ்?" நான் முதலில் சொல்வது, அந்தப் பெயர் எழுதிய போர்டைத் தேடி அலையாதீர்கள் என்பதைத்தான். அமெரிக்காவில் டெக்சாஸ் டெக், கான்சாஸ் ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களில் நிதித் திட்டமிடலுக்கென்றே தனி இளங்கலைப் பட்டம் இருக்கிறது. நம் பக்கத்தில் அதே பாடம் பி.காம்.-க்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வருமான வரி ஒரு செமஸ்டரில், காப்பீடு இன்னொன்றில், முதலீடு கடைசி வருடத்தில் என்று வரும். யாரும் சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள். அந்தத் துண்டுகளை நீங்களே எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

நானும் சேலத்துக்கு வெளியே ஒரு சின்னக் கல்லூரியில் பி.காம். முடித்தவன்தான். பெரிய பெயர் இல்லாத கல்லூரி என்பதால் என்ன குறைந்தது, எது குறையவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். நிதித் திட்டமிடல் என்றால் எந்த ஷேர் ஏறும் என்று சொல்வதல்ல. ஒரு குடும்பத்தின் வரவு செலவு, கடன், காப்பீடு, முதலீடு, வரி, ஓய்வுக்காலம், சொத்து யாருக்குப் போகிறது என்ற எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்பது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவருக்கு ஆர்டர் இருக்கும் மாதம் கை நிறையக் கூலி, இல்லாத மாதம் முதலாளியிடம் முன்பணம். அவரிடம் போய் "மாதம் ஐயாயிரம் எஸ்.ஐ.பி. போடுங்க" என்று, அதாவது மாதாமாதம் ஒரே தொகையை மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்பவர் விற்பனையாளர். முன்பணத்தை எப்படி அடைப்பது என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுபவர்தான் திட்டமிடுபவர்.

படி 1: பட்டத்தின் பெயரைச் சரியாகப் படியுங்கள்

சாதாரண பி.காம்., பி.காம். பேங்கிங் அண்ட் இன்சூரன்ஸ், பி.காம். அக்கவுன்டிங் அண்ட் ஃபைனான்ஸ், பி.பி.ஏ., பி.ஏ. எகனாமிக்ஸ் என்று எதை எடுத்தாலும் இந்தத் தொழிலுக்கு வரலாம். என் ஓட்டு சாதாரண பி.காம்.-க்கு. கணக்குப்பதிவும் வரியும் அதில்தான் அழுத்தமாக வரும். மற்றதை வெளியில் கற்றுக்கொள்ளலாம், இந்த இரண்டையும் வெளியில் கற்பது கஷ்டம்.

நம் ஊரில் வருடா வருடம் நடக்கும் ஒரு குழப்பம் உண்டு. பி.காம். சி.ஏ. என்று போட்டிருந்தால் அது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், ஆடிட்டர் படிப்பு இல்லை. "பையன் சி.ஏ. சேர்ந்துட்டான்" என்று ஊருக்கே சொல்லிவிட்டு மூன்றாம் வருடத்தில் விழித்த அப்பாவை எனக்குத் தெரியும். மோசமான படிப்பு என்று சொல்ல வரவில்லை, எக்செல் நன்றாக வரும். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி. உண்மையான சி.ஏ. பக்கம் பிறகு மனசு போனால், பி.காம்.-இல் 55 சதவீதம் எடுத்தவர்கள் ஃபவுண்டேஷன் தேர்வைத் தாண்டி நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். அந்தக் கதவை மூடிவிடாதபடி மதிப்பெண்ணைக் காப்பாற்றி வையுங்கள்.

படி 2: கல்லூரியை எப்படிப் பார்ப்பது

சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தாய்வீடு கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம். 1997-இல் தொடங்கியது. கல்லூரிகள் இரண்டு வகை: பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை அப்படியே நடத்துபவை ஒன்று, தன்னாட்சி வாங்கித் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுப்பவை இன்னொன்று. இரண்டிலும் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் இணையதளத்தில் பாடத்திட்டம் கிடைக்கும், இறக்கிப் பாருங்கள். விருப்பப் பாடங்களில் முதலீட்டு மேலாண்மை, தனிநபர் நிதி, காப்பீடு, நிதிச் சேவைகள் இவற்றில் குறைந்தது இரண்டு பாடமாவது இருக்கிறதா? பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. சீனியரைப் பிடித்து, "இதை நிஜமாவே நடத்துறாங்களா, இல்ல ஆள் சேரலைன்னு வேற பேப்பர் குடுத்துடறாங்களா?" என்று கேளுங்கள். சின்னக் கல்லூரியில் விருப்பப் பாடம் என்பது பல சமயம் துறையில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அவருடைய விருப்பம்.

அதோடு, போவதற்கு முன் துறைத் தலைவரிடம் ஐந்து நிமிடம் பேசப் பாருங்கள். பெரிய கல்லூரியில் அது நடக்காது, சின்னக் கல்லூரியில் நடக்கும். சின்னக் கல்லூரியின் உண்மையான சொத்து அதுதான். அறுபது எழுபது பேர் வகுப்பில் உங்கள் பெயர் ஆசிரியருக்குத் தெரியும், மூன்றாம் வருட புராஜெக்ட்டுக்கு நீங்கள் கேட்கும் தலைப்பைக் கொடுப்பார். நஷ்டம் என்னவென்றால், வேலைவாய்ப்பு முகாமுக்கு வருபவர்கள் பெரும்பாலும் விற்பனை வேலைக்கு ஆள் எடுப்பார்கள். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

படி 3: விண்ணப்பமும் பணமும்

அரசு கலைக் கல்லூரிகளுக்கு, சேலம்-7 அரசு கலைக் கல்லூரியும் சேலம்-8 அரசு மகளிர் கலைக் கல்லூரியும் உட்பட, தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே ஆன்லைன் விண்ணப்பம். ரிசல்ட் வந்ததும் மே மாதத்தில் திறக்கும். தனியார், உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குப் பி.காம்.-இல் முன்னுரிமை இருக்கும். சயின்ஸ் குரூப் பிள்ளைகள் பி.ஏ. எகனாமிக்ஸ், பி.பி.ஏ. இரண்டையும் சேர்த்துப் போட்டு வையுங்கள்.

ஏற்காடு மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வார்த்தை. மலையாளி பழங்குடிச் சமூகத்தவர் என்றால் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும், தாசில்தார் அலுவலகத்தோடு முடியாது. விசாரணை எல்லாம் நடந்து வர நாளாகும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் பிளஸ் ஒன்னிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் இட ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கி தினமும் சேலம் வந்து படிப்பது நடக்கிற காரியம்தான், ஆனால் மழைக்காலத்தில் பாதி வகுப்பு போய்விடும். விடுதிக்கும் கூடவே விண்ணப்பியுங்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அந்த ஆயிரத்தை வைத்தே உங்கள் முதல் நிதித் திட்டத்தைப் போடலாம். மூன்று வருடத்தில் முப்பத்தாறாயிரம். இந்தப் படிப்பு படிக்கிற பிள்ளை அது எங்கே போனது என்று தெரியாமல் நின்றால் கொஞ்சம் வெட்கம்தான்.

படி 4: முதல் வருடம், வீட்டுக் கணக்கு

வகுப்பில் டெபிட், கிரெடிட் போய்க்கொண்டிருக்கும். அதைக் கவனமாகப் படியுங்கள். அதோடு உங்கள் சொந்த வீட்டின் வரவு செலவை மூன்று மாதம் எழுதுங்கள். அம்மாவிடம் கேட்டுத்தான் எழுத முடியும். அப்போதுதான் இந்தத் தொழிலின் முதல் கஷ்டம் புரியும்: யாரும் பணத்தைப் பற்றி நேராகப் பேச மாட்டார்கள். "கடன் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "நகை பேங்க்ல இருக்கா, வீட்ல இருக்கா?" என்று கேட்டால் உண்மை வரும். மகளிர் குழு லோன், கைமாத்து, கடையில் பாக்கி, சீட்டு எடுத்துவிட்டுக் கட்டுவது இதெல்லாம் நம் ஊரில் கடன் என்ற சொல்லுக்குள் வராது. எந்தப் பாடப்புத்தகமும் இந்தக் கேள்விகளைக் கற்றுத் தராது.

ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்படும் தமிழ்வழி மாணவர்களுக்குச் சொல்வேன்: ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒரு பக்கம் பாடத்தில் வரும் சொல், மறுபக்கம் அதை உங்கள் பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள் என்பது. லிக்விடிட்டி என்றால் "அவசரத்துக்கு உடனே காசாகுமா?" டைவர்சிஃபிகேஷன் என்றால் "எல்லாத்தையும் ஒரே இடத்துல போடாம இருக்கறது". மூன்று வருடத்தில் அந்த நோட்டு நிறைந்தால் வாடிக்கையாளர் முன்னால் திணற மாட்டீர்கள்.

எக்செல்லை இந்த வருடமே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பயிற்சிக்கு ஒரு கணக்கு. ஒரு லட்சம் கடன், வருடத்துக்கு 12 சதவீத "ஃபிளாட்" வட்டி, பன்னிரண்டு தவணை. வட்டி 12,000, மாதத் தவணை 9,333. கேட்க 12 சதவீதம்தான். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முழு லட்சத்துக்கும் போட்டிருக்கிறது. எக்செல்லில் ரேட் சூத்திரத்தில் இதைப் போட்டுப் பாருங்கள், உண்மையான வட்டி வருடத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டும். இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று, எங்கள் வீட்டு வண்டிக் கடன் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது ஏலச்சீட்டு. ஐந்தாம் மாதம் தள்ளி எடுத்தவருக்கு என்ன வட்டி விழுந்தது, கடைசி வரை காத்திருந்தவருக்கு என்ன வட்டி கிடைத்தது என்று வீட்டில் இருக்கும் பழைய சீட்டுப் புத்தகத்தை வைத்து மாத வாரியாகப் போட்டுப் பாருங்கள். சீட்டு பதிவு பெற்றதா என்றும் பாருங்கள். 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தில் நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம் வரை என்று இருந்தது, 2021 திருத்தத்தில் 7 ஆனது.

படி 5: இரண்டாம் வருடம், சட்டமும் வரியும்

சீனியரிடம் பழைய வருமான வரிப் புத்தகம் வாங்காதீர்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சேமிப்புக்கு வரிக் கழிவு தரும் பிரிவை ஊரே 80சி என்று சொல்லிப் பழகியது, புதிய சட்டத்தில் அது 123-ஆவது பிரிவு. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று மாணவர்களைக் குழப்பிய இரண்டும் போய் "வரி ஆண்டு" என்று ஒன்றே இருக்கிறது. ஒரு வகையில் உங்களுக்கு இது அதிர்ஷ்டம். இருபது வருட அனுபவம் உள்ளவரும் உங்களோடு சேர்ந்துதான் புதிய எண்களைப் படிக்கிறார்.

சேலத்துக்காரர்கள் விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பார்கள். ஏற்காட்டில் காப்பி வைத்திருப்பவருக்கு அது பாதி உண்மை. பழத்தைப் பறித்து அப்படியே விற்றால் முழுவதும் விவசாய வருமானம். பதப்படுத்தி விற்றால் வருமானத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம் என்று பழைய விதிகளில் கணக்கு. வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதம். டூரிஸ்ட்டுகளுக்குப் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பிக்கும் வீட்டுப் பையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வரி கட்டுகிற அளவு வருமானம் வருகிறதோ இல்லையோ, கணக்கைப் பிரித்து எழுதும் பழக்கம் வேண்டும்.

வாரிசுச் சட்டத்தைப் பலர் போரடிக்கும் பாடம் என்று தள்ளுவார்கள். என் அனுபவத்தில் ஆலோசனை கேட்டு வருபவர்களின் நிஜமான பிரச்சினை பாதிக்குப் பாதி இதில்தான். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது, நாடு முழுவதற்கும் 2005-இல். இதே இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதே நிலம், அதே மலை, அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கு இரண்டு வேறு வழக்கம் இருக்கலாம். அதனால் சேர்வராயன் மலையில் ஒரு குடும்பத்துக்குத் திட்டம் போடும்போது முதல் கேள்வியே "நிலம் யார் பேரில்? அவருக்குப் பிறகு உங்களில் எப்படிப் போகும்?" என்பதுதான்.

இதே வருடத்தில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வை எழுதிவிடலாம். வரிசை எண் 5-ஏ. நூறு மதிப்பெண், இரண்டு மணி நேரம், ஐம்பது எடுத்தால் தேர்ச்சி, கட்டணம் சுமார் 1,500 ரூபாய். பாடப்புத்தகத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும். ஆகவே முதல் வருடமே எழுதி வீணாக்காதீர்கள், நான்காம் செமஸ்டர் விடுமுறை சரியான நேரம்.

படி 6: இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் வருவது

இரண்டாம் வருட விடுமுறையில் ஒரு நிறுவனம் எங்கள் வகுப்புக்கு வந்தது. "நிதி ஆலோசகர் இன்டர்ன்ஷிப்" என்றார்கள். முதல் நாள் டை கட்டச் சொன்னார்கள். இரண்டாம் நாள் ஒரு பேப்பரைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரும் நம்பரும் எழுதச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அந்த நூறு பேருக்கும் பாலிசி விற்கச் சொன்னார்கள். என் சித்தி என் முகத்துக்காக ஒன்று எடுத்தார், இரண்டு வருடம் கட்டி நிறுத்திவிட்டார். கட்டியதில் பெரும்பகுதி திரும்பவில்லை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போகத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எனவே மூன்று கேள்வி கேளுங்கள். டார்கெட் உண்டா? சம்பளம் நிலையானதா, கமிஷனா? என் வேலை கணக்குப் போடுவதா, ஆள் பிடிப்பதா? இதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் போய் உட்காருங்கள். சேலத்தில் ஆடிட்டர் அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. ஜூன், ஜூலையில் ரிட்டர்ன் சீசனில் கூடுதல் கை வேண்டியிருக்கும். காசு குறைவு, சில இடத்தில் காப்பி மட்டும்தான். ஆனால் ஐம்பது குடும்பத்தின் வரவு செலவும் கடன் வட்டியும் கண் முன்னால் போகும். அங்கே பார்ப்பதை வெளியில் பேசக் கூடாது என்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

படி 7: மூன்றாம் வருடம், ஒரு குடும்பம், ஒரு முழுத் திட்டம்

புராஜெக்ட்டுக்கு "சேலம் மாநகரில் மியூச்சுவல் ஃபண்ட் பற்றிய விழிப்புணர்வு" என்று நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுக்கும் தலைப்பை எடுக்காதீர்கள். வருடா வருடம் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஒரே ஒரு குடும்பத்துக்கு முழுத் திட்டம் போடுகிறேன் என்று கேளுங்கள். பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு மாதிரி சொல்கிறேன். நாகலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் காப்பி, ஊடுபயிராக மிளகு வைத்திருக்கும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2,40,000 ரூபாய் வருகிறது. பன்னிரண்டால் வகுத்து மாதம் இருபதாயிரம் என்று எழுதினால் தப்பு. உரம், களையெடுப்பு, பறிப்புக் கூலிக்கு அறுபதாயிரம், ஜூனில் பிள்ளைகள் பீஸ் முப்பதாயிரம் எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால் மாதம் 12,500. அதிலும் பணம் மாதாமாதம் வருவதில்லை. நவம்பரிலிருந்து நாலைந்து மாதத்துக்குள் மொத்தமாக வந்துவிடும், மழைக்காலத்தில் கை காலியாக இருக்கும். அராபிகா ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் அடுத்த வருடம் இளைக்கும். கோடையில் பூ மழை பொய்த்தால் அதுவும் போச்சு.

இந்த வீட்டுக்கு மாத எஸ்.ஐ.பி. பொருந்தாது. அறுவடைப் பணம் வந்தவுடன் முதலில் நகைக்கடன், பிறகு ஒரு வருடச் செலவுக்கான பணம் பேங்கில் மாதத்துக்கு ஒன்றாக முதிரும்படி சின்னச் சின்ன டெபாசிட்டுகளாக, பிறகு காய்க்காத வருடத்துக்கென ஒரு பங்கு, வீட்டுக்காரருக்கு டேர்ம் இன்சூரன்ஸ் (குறித்த காலத்துக்குள் அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு), குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதுதான் முதலீடு. நல்ல வருடத்தில் கொஞ்சம் மிஞ்சும், மோசமான வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதையும் திட்டத்திலேயே எழுதுங்கள். வைவாவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இந்தப் பக்கத்தில்தான் நிற்பார்.

படி 8: பட்டம் கையில் வந்த பிறகு

இரண்டு கதவுகள். ஒன்று விநியோகஸ்தர். என்.ஐ.எஸ்.எம். தேர்வு முடித்து மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ஏ.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்கினால் போதும். வாடிக்கையாளர் உங்களுக்குப் பணம் தர மாட்டார், ஃபண்ட் நிறுவனம் கமிஷன் தரும். இன்னொன்று செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். வாடிக்கையாளரே கட்டணம் தருவார், கமிஷன் தொடக் கூடாது. முன்பு இதற்கு முதுகலைப் பட்டமும் ஐந்து வருட அனுபவமும் கேட்டார்கள். 2024 டிசம்பரில் செபி விதியை மாற்றியதில், வணிகம், பொருளாதாரம், நிதி போன்ற துறைகளில் இளங்கலை போதும் என்றாகிவிட்டது, அனுபவ நிபந்தனையும் போய்விட்டது. 10-ஏ, 10-பி என்ற இரண்டு என்.ஐ.எஸ்.எம். தேர்வுகள், 150 வாடிக்கையாளர் வரை ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை. கருப்பூர் முத்திரை போட்ட பி.காம். பட்டத்துக்கு இந்த மாற்றத்தால் கூடிய மதிப்பைப் பல கல்லூரிகளே இன்னும் கவனிக்கவில்லை.

சி.எஃப்.பி. (சர்ட்டிஃபைடு ஃபைனான்சியல் பிளானர்) என்ற உலகளாவிய முத்திரையைப் பிளஸ் டூ முடித்ததுமே படிக்கத் தொடங்கலாம், பட்டமும் அனுபவமும் சேர்ந்தால்தான் கையில் வரும். கட்டணம் அரசுக் கல்லூரியின் மூன்று வருடச் செலவைவிட அதிகம். என் யோசனை, முதலில் ஒரு வேலையில் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் கட்டுங்கள். கடன் வாங்கிப் படிக்க அவசரம் ஒன்றுமில்லை.

இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு விதி இருக்கிறது. ஒரே குடும்பத்துக்கு ஆலோசனைக் கட்டணமும் வாங்கி, ஃபண்ட் விற்றுக் கமிஷனும் வாங்க முடியாது. சின்ன ஊரில் முதல் இருபது வாடிக்கையாளரும் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் என்பதால் இது சீக்கிரமே தலையை நீட்டும். பெரியப்பா வீட்டுக்கு நீங்கள் விநியோகஸ்தரா, ஆலோசகரா என்பதை அவர் முதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். கட்டணம் என்றதும் "என்னடா, எங்கிட்டயே காசா?" என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.